கடன் வாங்குவதற்கு முன்னால், காசு எங்கே போகிறது என்று பாருங்கள்

நீங்கள் கேட்டது இது: மூன்று வருடமாக வீட்டிலிருந்தே துணி தைத்துக் கொடுக்கிறீர்கள். வேலைக்குக் குறைவில்லை, ராத்திரி வெகுநேரம் வரை மெஷின் ஓடுகிறது. ஆனால் மாதக் கடைசியில் கையில் எதுவும் நிற்பதில்லை. பெண்கள் பெயரில் வாங்கினால் வட்டி குறைவு என்று வீட்டில் சொல்கிறார்கள். அந்தக் கடனை வாங்கித் தொழிலைப் பெரிதாக்கலாமா, இல்லை எல்லாவற்றையும் மூடிவிட்டு வேலைக்குப் போய்விடலாமா? மேலோட்டமாகப் பார்த்தால் இது கடனைப் பற்றிய கேள்வி. நீங்கள் எழுதியதை இரண்டாவது முறை படித்தபோது, “இவ்வளவு உழைத்தும் காசு ஏன் தங்க மாட்டேன் என்கிறது?” என்பதுதான் உங்களை அரிக்கிற கேள்வி என்று எனக்குப் பட்டது. அதற்கு விடை தெரியாமல் வாங்குகிற கடனும் மற்றக் காசு போன வழியிலேயே போய்விடும். அதனால் முதலில் அதைப் பார்ப்போம், கடனுக்கு அப்புறம் வருகிறேன்.

சிறுதொழில் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிப்பதும், கடன் கொடுத்த பிறகு அந்தத் தொழில்கள் எப்படிப் போகின்றன என்று கணக்கைப் பார்ப்பதும் பல வருடங்களாக என் வேலை. அதில் நிறையப் பேர் உங்களைப் போல வீட்டிலிருந்து தொழில் செய்கிற பெண்கள். வேலை இருக்கிறது, காசு இல்லை என்று வருபவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்த்த காரணங்கள் மூன்று. விலையில் தன் கூலியைச் சேர்க்காமல் விடுவது, காசு துணியாகவும் பாக்கியாகவும் முடங்கிக் கிடப்பது, தொழில் காசும் வீட்டுக் காசும் ஒன்றாகக் கலந்துவிடுவது. பெரும்பாலும் மூன்றும் சேர்ந்தே இருக்கும்.

விலையிலிருந்து தொடங்குவோம். நீங்கள் தைக்கிற ஒரு உடையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு வாங்குகிற தொகையை 100 என்று வைத்துக்கொள்வோம். துணி, லைனிங், நூல், ஜிப், கொக்கி எல்லாம் சேர்த்து 55 ஆகிறது. கரண்ட், ஊசி, மெஷின் சர்வீஸ், கவர், கொண்டுபோய்க் கொடுக்கிற செலவு, அளவு சரியில்லை என்று திரும்பி வந்ததைப் பிரித்துத் தைத்தது, இதற்கெல்லாம் 15. மீதி 30. இந்த 30-ஐத்தான் எல்லோரும் லாபம் என்று சொல்வார்கள். ஆனால் அளவு எடுப்பதில் தொடங்கி அயர்ன் பண்ணி மடித்து வைப்பது வரை அந்த உடைக்கு நான்கு மணி நேரம் ஆகிறது என்றால், அதே நான்கு மணி நேரம் இன்னொருவரிடம் கூலிக்குத் தைத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? 40 கிடைத்திருக்கும் என்றால், இந்த உடையில் உங்களுக்கு 10 நஷ்டம். உங்கள் உழைப்புக்குக் கூலி போடாததால் அந்த நஷ்டம் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இது வெறும் கணக்கு வாத்தியார் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். தொழிலைப் பெரிதாக்குவது என்றால், ஒரு கட்டத்தில் உங்களைத் தவிர இன்னொருவர் அந்த மெஷினில் உட்கார வேண்டும். அவருக்கு 40 கொடுத்தாக வேண்டும். உங்கள் விலையில் அதற்கு இடமே இல்லை என்றால், ஆள் வைத்த அன்றே நஷ்டம் வெளியே தெரிந்துவிடும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வீட்டுத் தொழில், கடன் வாங்கி இரண்டு பேரை வேலைக்கு வைத்த ஆறு மாதத்தில் திணறுவதற்கு நான் பார்த்தவரை முதல் காரணம் இதுதான். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் “அந்தப் பெண்ணுக்கு நிர்வாகம் வரவில்லை” என்பார்கள். அவருடைய கூலி இல்லாத உழைப்புதான் அதுவரை அந்தத் தொழிலைத் தாங்கிக்கொண்டிருந்தது என்பது யார் கண்ணிலும் படாது. எனக்கு இதில் ஆதங்கம் உண்டு, மறைக்கவில்லை.

விலையை ஏற்றினால் வருகிறவர்கள் போய்விடுவார்களோ என்ற பயம் நியாயமானது. எத்தனை பேர் போவார்கள் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் ஒரே நாளில் எல்லோருக்கும் ஏற்ற வேண்டியதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் புது விலையைச் சொல்லுங்கள். அவசரம் என்று கேட்பவர்களுக்குத் தனிக் கட்டணம் வையுங்கள். பிரித்துத் தைப்பதையும் சின்னச் சின்ன ஆல்டரேஷனையும் சும்மா செய்து கொடுப்பதை நிறுத்துங்கள். இந்த மூன்றிலேயே விலைக்கும் கூலிக்கும் உள்ள இடைவெளி கணிசமாகக் குறையும். பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒரு தேதியை முன்கூட்டியே சொல்லி ஏற்றலாம்.

இரண்டாவது காரணத்துக்கு நீளமாக எழுதத் தேவையில்லை. தெரிந்தவர், சொந்தக்காரர் என்று பிறகு தரட்டும் என விட்டதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். அலமாரியில் கிடக்கிற வெட்டாத துணியையும், மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி வைத்த பட்டன், லேஸையும் வாங்கின விலையில் கூட்டுங்கள். பலருக்கு அந்த இரண்டு தொகையும் சேர்ந்து, கேட்கிற கடனில் பாதியாவது வரும். அட்வான்ஸ் வாங்காமல் துணியை வெட்டுவதில்லை என்ற ஒரே விதி, கடன் இல்லாமலேயே கையில் காசைக் கொண்டுவரும். சொந்தக்காரர்களிடம் அட்வான்ஸ் கேட்கக் கூச்சமாக இருந்தால், ஆர்டர் எடுக்கும்போதே ரசீது எழுதுகிற பழக்கத்தை எல்லோருக்கும் பொதுவாக வையுங்கள். ரசீதில் ‘முன்பணம்’ என்று ஒரு கட்டம் இருந்தால் அதுவே கேட்டுவிடும்.

மூன்றாவதுதான் ஆழமானது. இதில் என் அனுபவத்தைவிட நல்ல ஆதாரங்கள் இருக்கின்றன. இலங்கையில் சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள், மிகச்சிறிய தொழில் செய்கிறவர்களில் குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்தெடுத்து, திருப்பித் தர வேண்டாத முதலீட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்களின் தொழிலில் லாபம் நன்றாகக் கூடியது. பெண்களின் தொழிலில் சராசரியாக எந்த மாற்றமும் தெரியவில்லை. பெண்கள் நடத்தும் சிறுதொழிலுக்கு முதலீடு கொடுத்துப் பயனில்லை என்றுகூட இதைப் படிக்க முடியும். ஆனால் 2019-ல் எரிகா ஃபீல்ட், ரோகிணி பாண்டே முதலான ஆய்வாளர்கள் இந்தியா, கானா, இலங்கை ஆகிய நாடுகளின் தரவை மறுபடி எடுத்து, வீட்டில் வேறு யாராவது தொழில் செய்கிறார்களா என்று பிரித்துப் பார்த்தார்கள். வீட்டில் அந்தப் பெண்ணின் தொழில் மட்டுமே இருந்தால், அவருக்குக் கிடைத்த லாபம் ஆண்களுக்குக் கிடைத்ததற்குக் குறையவில்லை. கணவரும் தொழில் செய்கிற வீடுகளில், பெண்ணிடம் கொடுத்த பணம் கணவரின் தொழிலுக்குப் போயிருந்தது. பெண்ணின் திறமையில் குறை இருந்ததாக அந்தத் தரவு சொல்லவில்லை. பணம் அவர் தொழிலில் தங்கவே இல்லை.

இதை வைத்து உங்கள் வீட்டுக்காரரைக் குற்றம் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு குடும்பமாகப் பார்த்தால், அதிக லாபம் வருகிற இடத்தில் பணத்தைப் போடுவது புத்திசாலித்தனமாகக்கூட இருக்கலாம். ஆனால் அப்படிச் செய்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும். பள்ளிக் கட்டணத்துக்குக் கொஞ்சம், வண்டி ரிப்பேருக்குக் கொஞ்சம் என்று எடுத்துவிட்டு, கடைசியில் “தையலில் ஒன்றும் இல்லை” என்று முடிவு கட்டுவது உங்கள் தொழிலுக்குச் செய்கிற அநியாயம். அந்தச் செலவெல்லாம் உங்கள் தையல் கட்டியதுதானே.

உகாண்டாவில் எம்மா ரைலி என்ற ஆய்வாளர் செய்த சோதனையும் இதையே காட்டுகிறது. சிறு கடன் கொடுக்கும் பிராக் (BRAC) என்ற தொண்டு நிறுவனத்தில் கடன் வாங்கிய பெண்களில் சிலருக்குப் பணத்தை வழக்கம்போல ரொக்கமாகக் கொடுத்தார்கள், வேறு சிலருக்கு அவரவர் பெயரில் தனியாகத் தொடங்கிய மொபைல் பணக் கணக்கில் போட்டார்கள். கடன் தொகையில் வித்தியாசம் இல்லை. எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, தனிக் கணக்கில் வாங்கியவர்களின் லாபம் 15 சதவீதம் அதிகமாக இருந்தது. வீட்டுக்குள் பணத்தைப் பங்குபோடுகிற நெருக்கடி அதிகமாக இருந்த பெண்களுக்குத்தான் இதில் பயன் அதிகம்.

அதனால், நான் சந்தேகமே இல்லாமல் சொல்லக்கூடிய ஒரு காரியம்: இன்றைக்கே தொழிலுக்கு உங்கள் பெயரில் ஒரு தனிக் கணக்கு தொடங்குங்கள். வாடிக்கையாளர் தருவதெல்லாம் அதில் விழட்டும். துணியும் நூலும் அதிலிருந்து வாங்குங்கள். மாதம் ஒரு தேதியில் உங்களுக்குச் சம்பளம் என்று ஒரு தொகையை அதிலிருந்து வீட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். நடுவில் வீட்டுக்கு அவசரம் வந்தால் எடுக்கலாம், ஆனால் ‘வீடு தொழிலுக்குத் தர வேண்டியது’ என்று சீட்டு எழுதி வைத்துவிட்டு எடுங்கள். டொமினிக்கன் குடியரசில் சிறு கடன் வாங்கியவர்களுக்கு, பெரும்பாலும் பெண்கள், ஏறக்குறைய இந்த விதியைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். தொழில் பணத்துக்கு ஒரு இழுப்பறை, வீட்டுப் பணத்துக்கு ஒரு இழுப்பறை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்தால் கடன் சீட்டு. வேறொரு குழுவுக்கு முறையான கணக்குப்பதிவுப் பாடம் நடத்தினார்கள். 2014-ல் வெளியான அந்த ஆய்வில், இழுப்பறை விதி கற்றவர்களின் கணக்கு வழக்கு தெளிவாக மேம்பட்டது, முறையான பாடம் படித்தவர்களிடம் அந்த அளவு மாற்றம் இல்லை. நோட்டுப் புத்தகத்தில் வரவு, செலவு என்று இரண்டே பத்தி போட்டால் போதும், தொடங்குவதற்குக் கணக்கியல் படிக்க வேண்டியதில்லை.

இனி கடன். இங்கே உறுதியான விஷயங்கள் குறைவு. சிறு கடன் கிடைத்தால் பெண்களின் தொழில் வளர்ந்து குடும்பமே மாறிவிடும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் பலமாக இருந்தது. போஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ என்று ஆறு நாடுகளில் தனித்தனியாக நடந்த சோதனைகளின் முடிவுகள் 2015-ல் ஒன்றாக வெளியாயின. கடனால் சிலருக்கு ஓரளவு நன்மை, பெரும்பாலானவர்களின் வாழ்க்கையில் தலைகீழ் மாற்றம் எதுவும் இல்லை என்பதுதான் சுருக்கம். கடன் கெடுதல் என்று இதற்கு அர்த்தமில்லை. ஏற்கெனவே லாபத்தில் ஓடுகிற தொழிலைக் கடன் வேகப்படுத்தும், லாபம் இல்லாத தொழிலை அது லாபத்துக்குக் கொண்டுவராது என்று நான் புரிந்துகொள்கிறேன். என் மேஜைக்கு வந்த கணக்குகளும் அதைத்தான் சொல்கின்றன.

உங்கள் விஷயத்தில் கடன் தேவையா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அடுத்த மூன்று மாதத்துக்கு, முடியாது என்று நீங்கள் திருப்பி அனுப்புகிற ஒவ்வொரு ஆர்டரையும் எழுதி வையுங்கள், பக்கத்தில் காரணத்தையும் எழுதுங்கள். ‘ஓவர்லாக் மெஷின் இல்லை’, ‘மொத்தமாகத் துணி வாங்கக் காசில்லை’ என்றே நிறைய வந்தால், கடனுக்குத் தெளிவான வேலை இருக்கிறது. ‘நேரமில்லை’ என்று வந்தால் கடன் உதவாது. விலையை ஏற்றுவதோ ஆள் வைப்பதோதான் வழி. திருப்பி அனுப்ப ஆர்டரே வரவில்லை என்றால் முதலில் வாடிக்கையாளர் வேண்டும், மெஷின் அப்புறம்.

வாங்குவது என்று முடிவானால் இரண்டு விஷயங்களைக் கடன் தருகிறவரிடம் கேளுங்கள். முதலாவது, பணத்தை ரொக்கமாகத் தராமல் மெஷின் விற்பவருக்கே நேராகக் கட்ட முடியுமா என்று. கானாவில் நடந்த ஒரு சோதனையில், ஓரளவு வளர்ந்த தொழில் வைத்திருந்த பெண்களுக்குப் பணமாகக் கொடுத்தபோது லாபம் கூடவில்லை, சரக்காகவும் கருவியாகவும் கொடுத்தபோது கூடியது. மிகச் சிறிய அளவில் தொழில் செய்த பெண்களுக்கு இரண்டிலுமே பலன் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இரண்டாவது, முதல் தவணை எப்போது தொடங்குகிறது என்று. கொல்கத்தாவில் சிறு கடன் வாங்கிய பெண்களை வைத்து நடந்த ஒரு சோதனையில், ஒரு பிரிவினருக்கு இரண்டு வாரத்தில் தவணை தொடங்கியது, இன்னொரு பிரிவினருக்கு இரண்டு மாதம் அவகாசம் கிடைத்தது. அவகாசம் கிடைத்தவர்கள் தொழிலில் அதிகம் முதலீடு செய்தார்கள், மூன்று வருடம் கழித்தும் அவர்கள் லாபம் அதிகமாக இருந்தது. ஆனால் தவணை கட்டத் தவறியவர்களும் அவர்களிடையேதான் அதிகம். அவகாசம் கிடைத்தால் துணிந்து முதலீடு செய்ய முடிகிறது, துணிந்தவர்களில் சிலருக்குக் கைநழுவியும் போகிறது. நீங்கள் எந்த அளவு ஆபத்தைத் தாங்க முடியும் என்பதை உங்கள் வீட்டின் மற்ற வருமானத்தை வைத்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

பயிற்சி வகுப்புக்குப் போகட்டுமா என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எல்லா வகுப்பும் ஒன்றில்லை. டோகோ நாட்டில் 2017-ல் வெளியான ஆய்வில், வழக்கமான வியாபாரப் பாடம் படித்தவர்களின் லாபத்தில் உறுதியாகச் சொல்லும்படியான மாற்றம் தெரியவில்லை. தானாக முன்வந்து வாய்ப்பைத் தேடுவது, தடை வந்தாலும் விடாமல் இருப்பது என்று மனப்பாங்கில் கவனம் வைத்த பயிற்சி பெற்றவர்களின் லாபம் 30 சதவீதம் கூடியது. கென்யாவில் நைரோபி நகரின் ஒரு பகுதியில், இளம் பெண் தொழில்முனைவோரை அதே பகுதியில் அதே மாதிரித் தொழிலில் வெற்றி பெற்ற மூத்த பெண்களோடு சேர்த்துவிட்டார்கள். லாபம் சராசரியாக 20 சதவீதம் உயர்ந்தது. உயர்ந்ததற்குக் காரணம் சரக்கு எங்கே மலிவாகக் கிடைக்கும் என்பது மாதிரியான அக்கம்பக்கத்து விவரங்கள். சந்திப்பு நின்றதும் அந்தப் பலனும் மங்கிவிட்டது. உங்களிடம் நேரம் குறைவு என்றால், வகுப்பைவிட உங்களுக்கு ஐந்து வருடம் முன்னால் இதே தொழிலைத் தொடங்கிய ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்து, மாதம் ஒரு தடவையாவது போய்ப் பேசுவதைத்தான் நான் சொல்வேன்.

என்ன தைக்கிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். உகாண்டாவின் கம்பாலாவில் நடந்த ஒரு ஆய்வில், ஆண்களே அதிகம் இருக்கும் தொழில்களுக்குள் போன பெண்கள், பெண்களே அதிகம் இருக்கும் தொழில்களில் இருந்தவர்களைப் போல மூன்று மடங்கு சம்பாதித்தார்கள். அப்படிப் போனவர்கள் தொடக்கத்திலேயே வேறு மாதிரியானவர்களாக இருந்திருக்கலாம், அதனால் யார் போனாலும் மூன்று மடங்கு கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தையலுக்குள்ளேயே தெருவில் எல்லோரும் தைப்பது ஒன்று, ஆள் கிடைக்காமல் தேடுவது இன்னொன்று. நிறுவனச் சீருடை, மருத்துவமனைத் துணிகள், சோபா உறை, வண்டி சீட் உறை போன்றவற்றுக்கு உங்கள் பக்கத்தில் தேவை இருக்கிறதா என்று விசாரியுங்கள். நிறுவனங்கள் பணம் தரத் தாமதம் ஆகும், அதை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது நீங்கள் போகிற போக்கில் எழுதின ஒரு விஷயம்: ‘பெண்கள் பெயரில் வாங்கினால் வட்டி குறைவு.’ அந்தக் கடன் உங்கள் மெஷினுக்கும் துணிக்கும்தானா என்று வீட்டில் நேரடியாகக் கேளுங்கள். வேறு எதற்கோ என்றால், கையெழுத்து உங்களுடையது, தவணை தவறினால் கெடுவது உங்கள் பெயர். பிறகு உங்கள் தொழிலுக்கென்று நிஜமாகவே கடன் தேவைப்படும் நாளில் எந்த வங்கியும் கதவைத் திறக்காது. நான் நிராகரிக்க நேர்ந்த விண்ணப்பங்களில் மனசுக்குக் கஷ்டமானவை இப்படிப்பட்டவைதான். பெண்கள் தங்கள் பெயரில் பணத்தைக் கையாளும் உரிமை எங்கேயும் சும்மா வந்துவிடவில்லை. பிரான்சில் மணமான பெண், கணவர் சம்மதம் இல்லாமல் தன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்க 1965-ல்தான் சட்டம் வந்தது. அமெரிக்காவில் தொழில்கடனுக்குப் பெண்ணோடு ஒரு ஆண் உறவினரும் கையெழுத்திட வேண்டும் என்று சில மாநிலங்களில் இருந்த விதி, 1988-ல் வந்த சட்டத்தால்தான் முடிவுக்கு வந்தது. அப்படிக் கிடைத்த கையெழுத்தை இன்னொருவர் தேவைக்கு யோசிக்காமல் போட்டுவிடாதீர்கள். தொழில் பதிவு, வங்கிக் கணக்கு, ஆர்டர் வருகிற போன் நம்பர், இணையப் பக்கத்தின் பாஸ்வேர்டு இவையும் உங்கள் பெயரிலும் உங்கள் கையிலும் இருக்கட்டும். பதிவும் வரியும் நாட்டுக்கு நாடு மாறும், அதை உங்கள் ஊரில் உள்ள ஒரு கணக்காளரிடம் கேட்பதுதான் சரி.

வேலைக்குப் போவதா என்பதற்கு இங்கிருந்து ஒரு முடிவு சொல்வது நியாயமாக இருக்காது. உங்கள் கணக்கைப் பார்க்காமல் யார் சொன்னாலும் அது ஊகம்தான். மேலே சொன்ன மாதிரி மூன்று மாதம் எழுதுங்கள். உங்கள் கூலியையும் செலவில் சேர்த்த பிறகு மீதி நிற்கிறதா, ஒரு மணி நேரத்துக்கு உங்களுக்கு என்ன விழுகிறது, வேலைக்குப் போனால் போக்குவரத்தும் பிள்ளையைப் பார்க்க ஆள் வைக்கிற செலவும் போக மணிக்கு என்ன நிற்கும், வெளியே எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று பாருங்கள். இந்த நான்கு எண்களோடு இதே இடத்தில் மறுபடி எழுதுங்கள், தொகை வெளியே தெரிய வேண்டாம் என்றால் எல்லாவற்றையும் 100-க்கு இவ்வளவு என்று மாற்றிப் போடுங்கள். அதை வைத்துக் கடன் பக்கமா வேலைப் பக்கமா என்று திட்டவட்டமாகவே பேசலாம். அதுவரைக்கும் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம்.